ஆழியாற்றங்கரையில் கோடை முகாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆழியாறு அணையிலிருந்து ஆனைமலை, அம்பராம்பாளையம் வழியாக ஓடி, மணக்கடவு தாண்டி, சித்தூர்ப்புழையாகக் கேரளத்துக்குள் நுழைகிறது ஆழியாறு. கரை நெடுகத் தென்னந்தோப்புகள். பள்ளி விடுமுறை தொடங்கியதும் இங்கே இரண்டு இரவு டெண்ட் போட்டுத் தங்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

எந்த மாசம் வந்தா நல்லா இருக்கும்? கோடையில ஆத்துல தண்ணியே இருக்காதுன்னு சொல்றாங்களே?

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை வரலாம். இது அணை கட்டிய ஆறு என்பதால் கோடையில் ஒரேயடியாக வற்றிக் கிடப்பதில்லை. தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரையிலான ஓராண்டில் மணக்கடவு அணைக்கட்டு வழியாகக் கேரளத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் போய்ச் சேர வேண்டும். இது போக இந்த ஆற்றால் பாசனம் பெறும் பழைய ஆயக்கட்டு நெல் வயல்களுக்கும் மே நடுவிலோ ஜூன் தொடக்கத்திலோ தண்ணீர் விடுவார்கள். ஆகவே ஒரு வாரம் முழங்கால் அளவும் அடுத்த வாரம் இடுப்பளவும் ஓடும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, தங்கப்போகும் தோப்பின் தோட்டக்காரரிடம் "இப்ப திறந்திருக்காங்களா, எந்த அளவுக்கு வருது?" என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூன் பிறந்துவிட்டால் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை மலையில் இறங்கியதும் ஆற்றின் போக்கே மாறிவிடும். அணை நிரம்பினால் உபரி நீரையும் இந்த ஆற்றில்தான் திறப்பார்கள்.

ஆத்தங்கரை பொறம்போக்குதானே, டெண்ட் போட்டா யாரு கேக்கப் போறா?

கேட்பார்கள். ஆற்றுப் புறம்போக்கு என்பது அரசு நிலம், யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்று அதற்கு அர்த்தமில்லை. அணைக்கு மேலே நவமலைப் பக்கமும் சேத்துமடைக்கு உள்ளேயும் போனால் ஆனைமலைப் புலிகள் காப்பகம். அங்கே அனுமதியில்லாமல் நுழைவதே 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். "ஒரு ராத்திரிதானே" என்ற பேச்சு எடுபடாது.

பட்டா நிலத்தில் தங்குவதே சரி. ஆனைமலை, அம்பராம்பாளையம் சுற்றுவட்டாரத்திலும் கேரளப் பக்கம் மீனாட்சிபுரம், சித்தூர் பக்கத்திலும் ஆற்றை ஒட்டிய தோப்புகளில் விருந்தினருக்கு இடம் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பேசும்போது நான்கு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்: கழிப்பறை உண்டா, இரவில் ஆள் இருப்பாரா, கார் டெண்ட் வரை வருமா, மழை வந்தால் ஒதுங்கத் தளம் போட்ட கட்டடம் உண்டா. கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்றால் அந்த இடம் வேண்டாம்.

தோப்புல நல்ல நிழலா பாத்து டெண்ட் அடிச்சா போதும்தானே?

போதாது. முகாமின் மொத்தப் பாதுகாப்பும் இடம் தேர்ந்தெடுக்கும் இந்தக் கால் மணி நேரத்தில்தான் இருக்கிறது. தென்னை மரத்தடி நிழல் ஆளை ஏமாற்றும். காய் பெரும்பாலும் மரத்தை ஒட்டி நேராக விழும். காய்ந்த மட்டை அப்படியில்லை, பதினைந்து அடிக்கு மேல் நீளம் இருக்கும், காற்றில் சாய்ந்து தள்ளிப்போய் விழும். இந்தப் பக்கத் தோப்புகளில் மரத்துக்கு மரம் 25 அடி விட்டு நடுவது வழக்கம். நான்கு மரத்துக்குச் சரி நடுவில் நின்றாலும் ஒவ்வொரு மரத்திலிருந்தும் பதினெட்டு அடிகூட விலகியிருக்க மாட்டீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற ஊரில் அந்த இடைவெளியை நம்பி ராத்திரி தூங்க முடியாது.

ஆகவே தேங்காய் காயப்போடும் களம், வண்டித்தடத்தின் அகலமான பகுதி, அல்லது மரம் எடுத்துவிட்டு இன்னும் நடாத இடம், இவற்றில் ஒன்றைக் கேளுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், டெண்டுக்கு மேலே உள்ள மரங்களில் காய்ந்த மட்டையையும் முற்றிய குலையையும் முந்தின நாளே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். மரமேறுபவருக்கான கூலியை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். தயங்காமல் கொடுங்கள்.

அடுத்தது ஆற்றிலிருந்து தூரம். எத்தனை அடி தள்ளி என்பதைவிட எத்தனை அடி மேலே என்பதுதான் முக்கியம். கரையோரச் செடிகளிலும் வேலியிலும் பழைய வெள்ளத்தில் வந்து சிக்கிய சருகும் துணிக்கந்தலும் ஒரே மட்டத்தில் கோடு போட்ட மாதிரி தொங்குவதைப் பார்க்கலாம். அந்த மட்டத்துக்கு மேலே, கரை ஏறி, மேட்டில் போடுங்கள். ஆற்று நடுவில் இருக்கும் மணல் திட்டு படத்துக்கு அழகாக இருக்கும். அங்கே பகலில் உட்காரக்கூட வேண்டாம்.

நாங்க நாலு பேரு. நாலு பேர் டெண்ட் ஒண்ணு வாங்கினா சரியா இருக்குமா?

பெட்டியில் "நாலு பேர்" என்று போட்டிருந்தால் அதில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் காற்றோட்டமாகப் படுக்கலாம். கோடைக்கு உள் டெண்ட் முழுக்க வலையாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மழைவிரிப்பை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வானம் கறுத்தால் மட்டும் மாட்டுங்கள்.

கீழே விரிக்கும் தார்ப்பாய் டெண்டின் அடியைவிடச் சற்றுச் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீர் தார்ப்பாயில் இறங்கி, டெண்டுக்கு அடியில் தேங்கிவிடும். "புது டெண்ட், ஆனா கீழ இருந்து ஊறுது" என்ற புகார்களில் பாதிக்கு இதுதான் காரணம். மணற்பாங்கான இடத்தில் முளைக்குச்சி நிற்காது. ஒரு பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, ஒரு அடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள். பகலில் டெண்டுக்குள் இருக்கவே முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். பாலக்காட்டில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடுவதுண்டு, பொள்ளாச்சிப் பக்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

மழையே இல்ல, வெயில் கொளுத்துது. அப்பறம் எப்பிடி ஆத்துல திடீர்னு தண்ணி ஏறும்?

இரண்டு வழிகளில் ஏறும். ஒன்று, முதல் கேள்வியில் சொன்ன அணைத் திறப்பு. மதகைக் கூட்டினால் கீழே உங்கள் தலைக்கு மேல் நீல வானமாக இருந்தாலும் தண்ணீர் வரும். இரண்டு, கோடை மழை. மலையில் பிற்பகலில் இடியுடன் கொட்டினால் உப்பாறு மாதிரி வந்து சேரும் சிற்றாறுகள் செம்மண் நிறத்தில் பெருகி வரும். அணைக்கு மேலே நிலைமை இன்னும் மோசம். நவமலை மின்நிலையம் ஓடும்போதும் நிற்கும்போதும் ஆற்றின் அளவு மாறும். அங்கே யாரையும் குளிக்க அழைத்துப் போகாதீர்கள்.

குளிக்கும் முன் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி, தண்ணீர் மட்டத்தில் நூல் கட்டுங்கள். பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டு கரையிலேயே உட்காரட்டும். நூலுக்கு மேல் நாலு விரல் ஏறினாலோ, தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ, அந்த நொடியே எல்லோரும் கரையேற வேண்டும். துணி, செருப்பு, பாத்திரம் எதற்கும் திரும்பக் கூடாது.

தடுப்பணைக்குக் கீழே குளிக்க வேண்டாம். மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் சுழன்று ஆளைத் திரும்ப உள்ளே இழுக்கும், நீச்சல் தெரிந்தவர்களும் அங்கேதான் மாட்டுகிறார்கள். மணல் அள்ளிய குழிகளும் உண்டு. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே போய் அடுத்த அடியில் தலை மூழ்கும். தோட்டத்து ஆட்கள் குளிக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் கேனில் 50 அடிக் கயிறு கட்டிக் கரையில் தயாராக வையுங்கள். யாராவது தத்தளித்தால் கேனை வீசுங்கள், பின்னால் குதிக்காதீர்கள்.

ஆத்துத் தண்ணிய காய்ச்சிக் குடிச்சா என்னங்க? மலைத்தண்ணிதானே?

காய்ச்சினால் கிருமி சாகும். தோப்புக்கும் வயலுக்கும் அடிக்கும் மருந்து கலந்திருந்தால் அது போகாது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கிவிடுங்கள். கோடையில் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். ஆறு பேர், இரண்டரை நாள் என்றால் 75 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் நான்கு. பாத்திரம் கழுவ, கை கால் கழுவத் தோட்டத்துப் போர் தண்ணீர் போதும். சோப்புத் தண்ணீரை ஆற்றிலிருந்து 200 அடி தள்ளித் தென்னம்பாத்தியில் ஊற்றுங்கள்.

குளிக்கும் தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் மூளையைத் தாக்கும் அமீபா தொற்று பலருக்கு வந்தது. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் இருக்கும் அமீபா மூக்கு வழியாக ஏறுகிறது. குடிப்பதால் வருவதில்லை. ஓடும் தண்ணீரில் மட்டும் குளியுங்கள். குட்டையில் குதிப்பது, மூக்கில் தண்ணீர் ஏற முங்குவது, அடிச்சேற்றைக் கலக்குவது வேண்டாம். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் பயத்துக்காகவும் இறங்காமல் இருப்பது நல்லது. ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் ஆற்றில் குளித்ததையும் புதரில் நடந்ததையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா, உண்ணிக்காய்ச்சலா என்று அவர் பார்க்க அது உதவும்.

சமையலுக்கு என்னென்ன எடுத்துட்டு வரணும்?

குறைவாக. முதல் நாள் மதியத்துக்கு வீட்டிலிருந்தே புளிசாதம் கட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு வேளைக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி, ஆறு பேருக்கு முக்கால் கிலோ. காலைக்கு ரவை 600 கிராம் போட்டால் உப்புமா தாராளம். கறி வாங்கினால் முதல் ராத்திரியே சமைத்துவிட வேண்டும். மீன் ஆசைக்கு ஆழியாறு அணைப் பக்கத்துக் கடைகளில் அணை மீனை வறுத்துத் தருகிறார்கள், அங்கேயே சாப்பிட்டுவிடலாம். பால், இளநீர், தேங்காய் எல்லாம் தோட்டத்திலேயே கிடைக்கும். ஐஸ் பெட்டிக்குத் துண்டு ஐஸ் வேண்டாம், பாளமாக வாங்குங்கள், ஒரு நாள் கூடுதலாக நிற்கும்.

கையடக்க அடுப்பின் 220 கிராம் கேஸ் குப்பி முழுத் தீயில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் வரும். ஆறு பேருக்கு நான்கு குப்பி எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுக்கு மறைப்பு வைக்கும்போது அடுப்பை நாலா பக்கமும் அடைத்துவிடாதீர்கள். வெப்பம் திரும்பிக் குப்பியில் பட்டால் வெடிக்கும்.

ராத்திரி கேம்ப் ஃபயர் போடலாமா? தேங்காமட்டை நெறைய கெடக்குதே.

தோட்டக்காரர் சம்மதித்தால், மணலில், முழங்கால் உயரத்துக்கு மேல் போகாத தீயாகப் போடலாம். காற்று இருந்தால் வேண்டாம். காய்ந்த ஓலையைத் தீயில் போடவே கூடாது, எரிந்துகொண்டே பறக்கும்.

தேங்காய்மட்டையில் ஒரு சிக்கல் உண்டு. மேலே சாம்பல் பூத்து அணைந்த மாதிரி இருக்கும், நாருக்குள் கனல் விடியும் வரை உயிரோடிருக்கும். விடியற்காலைக் காற்றில் அதுவே பற்றிக்கொள்ளும். படுக்கும் முன் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, ஒவ்வொரு மட்டையையும் புரட்டி, மறுபடி ஊற்றுங்கள். கையை வைத்தால் சூடு தெரியக்கூடாது. கொசுவத்தியையும் கரி அடுப்பையும் டெண்டுக்குள் கொண்டுபோகவே வேண்டாம்.

மூணு நாள்ல டாப்சிலிப், பரம்பிக்குளம், வால்பாறை, நெல்லியம்பதி நாலும் பாத்துரலாமா?

பார்க்கலாம், ஆனால் ஆற்றங்கரையில் இருக்க நேரம் மிஞ்சாது. ஒரு நாளைக்கு ஒரு இடம், அதுவும் காலையில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மணிக்குக் கிளம்பி, முடிந்தவரை மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி, வெயில் தாழும் வரை களத்து நிழலில் படுத்திருந்து, நாலரை மணிக்கு ஆறு. கோடைக்கு ஒத்துவருகிற திட்டம் இதுதான்.

பக்கத்திலேயே முடிக்க வேண்டுமென்றால் ஆழியாறு அணையும் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலும் ஒரு காலையில் முடியும். அமாவாசையிலும் வெள்ளிக்கிழமையிலும் கோயிலில் கூட்டம் நெரியும், வேறு நாள் பாருங்கள். வியாழக்கிழமை தங்கினால் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். கேரளப் பக்கம் முதலமடை மாந்தோப்புகள், கொல்லங்கோடு வயல்கள், நெம்மாறை தாண்டிப் போத்துண்டி அணை என்று ஒரே சாலையில் நிதானமாகப் போய்வரலாம். மே மாதத்தில் முதலமடை மாம்பழம் கடைசிக் கட்டத்தில் இருக்கும். போத்துண்டி, சிமெண்ட் வருவதற்கு முந்தைய கால அணை, சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்த சாந்து. ஏப்ரல் 2, 3 தேதிகளை ஒட்டி நெம்மாறை–வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழா நடக்கும், அன்று அந்தச் சாலையில் வண்டி நகராது.

வால்பாறையை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள், போய்த் திரும்பினாலே நாள் முடிந்துவிடும். 2025 நவம்பர் முதல் இ-பாஸும் வேண்டும். அதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்கி வாருங்கள்.

பரம்பிக்குளம் கேரளாதானே? அப்ப பாலக்காட்டுல இருந்து போனா கிட்டத்தானே?

இடம் கேரளம், சாலை தமிழ்நாடு. சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் வண்டி போகும். பாலக்காட்டுக்காரர்களும் பொள்ளாச்சிப் பக்கம் சுற்றித்தான் வருகிறார்கள். அணைகள் கேரள மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது தமிழ்நாடு. வனத்துறைக் கட்டணம் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கட்ட வேண்டும்.

உள்ளே விடும் வண்டிகளுக்கு அளவு உண்டு, விடுமுறை நாளில் சீக்கிரம் முடிந்துவிடும். செக்போஸ்ட் திறக்கும்போதே அங்கே நில்லுங்கள். பைக்குக்கு அனுமதி இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலை வாசலிலேயே சோதிப்பார்கள். சிக்னலை நம்பாதீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று தோட்டக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மதியத்துக்குள் இங்கிருந்து திரும்ப முடியாது, அன்றைக்கு ஆற்றுக்குளியலை விட்டுவிடுங்கள்.

எங்க வண்டி டிஎன் ரிஜிஸ்ட்ரேஷன். பார்டர் தாண்ட பெர்மிட் வேணுமா?

சொந்தக் காருக்கு வேண்டாம். வாடகை டெம்போ, டாக்ஸி என்றால் கேரள வரியும் பெர்மிட்டும் கட்டியாயிற்றா என்று முன்பணம் கொடுக்கும்போதே கேளுங்கள். வெள்ளை நம்பர் பலகை வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

தோப்புன்னா பாம்பு இருக்குமே?

இருக்கும். அதிகம் பயப்பட வேண்டியது கட்டுவிரியனுக்கு. ராத்திரியில் நடமாடும், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல நேரம் வலியே தெரியாது. டெண்ட் ஜிப்பை எப்போதும் முழுக்க மூடுங்கள். வெளியே படுப்பதென்றால் கயிற்றுக் கட்டிலும் கொசுவலையும். வலையின் ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருக வேண்டும். மட்டைக் குவியல் பக்கம் கையை விடாதீர்கள். இருட்டில் டார்ச், காலில் ஷூ. ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது காரில் நேராகப் பொள்ளாச்சி அரசு மருத்துவமனை. கேரளப் பக்கம் தங்கினால் சித்தூர் அல்லது பாலக்காடு. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, இமை சொருகுதல், பேச்சுக் குழறல் இருந்தால் கடித்த தடம் தெரியாவிட்டாலும் பாம்புக்கடியாகவே நினைத்துக் கிளம்புங்கள்.

யானை வருமா? போன வருசம் வந்துச்சுன்னு சொன்னாங்க.

மலையடிவாரத்தில், அதாவது சேத்துமடை, நவமலை ஓரத்திலும் முதலமடையின் மலைப்பக்கத்திலும் வரும். மாவும் பலாவும் பழுக்கும் மே மாதத்தில் வாசனை பிடித்து இறங்கும். அம்பராம்பாளையம், மணக்கடவு மாதிரி சமவெளியில் தங்கினால் இந்தக் கவலை மிகக் குறைவு. முதன்முறை வருகிறவர்களுக்கு அதையே சொல்கிறோம். எங்கே தங்கினாலும் பழத்தை டெண்டுக்குள் வைக்காதீர்கள். பகலில் குரங்கு, ராத்திரியில் காட்டுப்பன்றி தேடி வரும்.

சாயங்காலம் இடி மழை புடிச்சுக்கிச்சுன்னா டெண்டுக்குள்ள இருக்கலாம்தானே?

கூடாது. மின்னலுக்கு டெண்ட் எந்தப் பாதுகாப்பும் இல்லை, உயரமான தென்னையோ மின்னலை முதலில் வாங்கும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே கட்டடத்துக்குள் அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வரலாம். இதற்காகத்தான் இடம் பேசும்போதே தளம் போட்ட கட்டடத்தைக் கேட்கச் சொன்னோம். மோட்டார் ரூமில் ஒதுங்கினால் ஸ்டார்ட்டர் பெட்டி, பைப்பு எதையும் தொடக்கூடாது. மழை விட்டதும் ஆற்றுக்கு ஓடாதீர்கள், மலையில் பெய்த தண்ணீர் அதற்குப் பிறகுதான் வந்து சேரும்.

சித்தூர்ல கள்ளுக்கடை இருக்கே, ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வரலாமா?

கேரளத்தில் உரிமம் பெற்ற கடையில் குடிப்பது சட்டப்படி சரி. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை, எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் வழக்கு. குடித்தவர் அன்று ஆற்றில் இறங்கக்கூடாது, வண்டியும் ஓட்டக்கூடாது. குழந்தைகள் இருக்கும் முகாமில் கரையில் காவல் உட்காரும் பெரியவர் அவராக இருக்கவும் முடியாது.

எங்கம்மாவுக்கு எழுவது வயசு, சுகர் இருக்கு. பாப்பாவுக்கு ரெண்டு வயசு. இவங்கள கூட்டிட்டு வரலாமா?

வரலாம். இரண்டு பேரும் ராத்திரி தோட்டத்து வீட்டில் ஃபேனுக்கடியில் தூங்கட்டும், பகலில் ஆற்றங்கரைக்கு வரட்டும். பொள்ளாச்சி மருத்துவமனைக்கு அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய இடமாகப் பாருங்கள். அம்மா வழுக்காத செருப்போடு கரை வரை மட்டும் வரட்டும், பாசி பிடித்த பாறையில் ஏற வேண்டாம். வெறுங்காலோடு சுடுமணலில் நடக்கவிடாதீர்கள். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும்.

இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்கலாம், ஐஸில் நேராகப் படக்கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. துண்டில் சுற்றி, மூடி உள்ள டப்பாவில் போட்டு, மேல் தட்டில் வையுங்கள். பாப்பாவை ஆற்றில் குளிப்பாட்ட வேண்டாம், கரையில் ஒரு அண்டாவில் போர் தண்ணீர் நிரப்பி உட்காரவைத்தால் போதும். அப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.